ஈரல் காப்பான்

நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கக் கூடாது, ஆய்வாளர் அம்மா. கறுத்துவிடும், ருசியும் கெட்டுவிடும். அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கொட்டை தனியே கழன்று வரும். பிறகு சதையை நசுக்கித் துணியில் பிழியலாம். மிக்ஸியில் போட்டால் சூடேறிப் பாதிச் சத்து அங்கேயே போய்விடும். நேற்று உங்கள் ஏட்டம்மா, "அந்தத் தண்ணிய எப்படித்தான் செஞ்சீக?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே இருந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தயவுசெய்து இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

சிரித்ததற்கு மன்னிக்க வேண்டும். பத்து நாளாகவே எனக்கு இப்படித்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் கால் தானாகத் தாளம் போடுகிறது. சோறு இறங்கவில்லை, ஆனால் பசியும் இல்லை. பத்திரிகையில் நான் பிடிபட்டதாக எழுதியிருக்கிறார்கள். அது தவறு. சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் அல்லவா, அங்கே வரிசையில் நின்று நானே என் ஆராய்ச்சி நோட்டைக் கொடுத்தேன். பட்டாசுத் தொழிலாளர் எல்லாருக்கும் என் பானத்தை அரசே வழங்க வேண்டும் என்று மேலே ஒரு மனுவும் வைத்திருந்தேன். மனு வாங்கிய தம்பி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்ல விஷயம் ஐயா" என்றார். பதினேழாம் பக்கத்துக்கு வந்தபோது எழுந்து நின்றுவிட்டார். மரியாதைக்கு எழுந்ததாகத்தான் முதலில் நினைத்தேன்.

இந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று வக்கீல் சொல்கிறார். செல்லாவிட்டால் போகட்டும். எங்கேயாவது முழுதாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் அகஸ்டின். வயது அறுபத்தொன்று. வீடு ஆமத்தூரில். மனைவி பாக்கியவதி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம், "என்னங்க, வீடு பூரா நெல்லிக்கா வாசம். மீன் சட்டியத் தவிர எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டீங்க" என்பதுதான். உண்மையில் மீன் சட்டியையும் எடுத்திருந்தேன். இந்த மீன் சட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு கல்லூரியின் மருந்தியல் துறையில் முப்பத்தொரு வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். அதாவது அங்கிருந்த எலிகளுக்குத் தாயும் நான், தகப்பனும் நான். ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், போவார்கள். எல்லாருடைய தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: மருந்தால் கெடும் ஈரலை மூலிகையால் காப்பது. முறையும் ஒன்றுதான். எலிகளை மூன்று கூண்டாகப் பிரிப்போம். முதல் கூண்டுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாம் கூண்டுக்குப் பாராசிட்டமால், நாம் காய்ச்சலுக்குப் போடும் அதே மாத்திரை, ஈரல் கெடும் அளவுக்கு. மூன்றாம் கூண்டுக்கு அதே மாத்திரை, கூடவே மூலிகைச் சாறு. கடைசி நாளில் மூன்று கூண்டின் ஈரலையும் வெள்ளைத் தட்டில் வரிசையாக வைப்பார்கள். இரண்டாம் கூண்டின் ஈரல் வெளிறிக் கிடக்கும். மூன்றாவது செக்கச்செவேல் என்று பளபளக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அப்படி ஒரு அழகு.

பத்தொன்பது பேர் என் எலிகளால் டாக்டர் பட்டம் வாங்கினார்கள். நன்றியுரையில் என் பெயரைப் போடுவார்கள். ஒருவர் ஆஸ்டின் என்று போட்டுவிட்டார். அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எனக்குத் தாங்காதது வேறு. பட்டம் வாங்கியதும் ஆய்வேட்டை அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட அந்தச் சாற்றை ஒரு மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது தடவை ஈரலைக் காப்பாற்றி, பத்தொன்பது தடவையும் எலியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முதலுதவி அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். வெட்டுக்காயம், கொப்புளம், மயக்கம் இவற்றைப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தால் காயத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம். மாத்திரைக்கு வந்தவர்கள்தான் அதிகம். காலையிலிருந்து குத்தவைத்துச் சக்கரம் சுற்றும் பெண்கள். இடுப்பு வலி, கை வலி, தலை வலி. சீசன் நெருங்க நெருங்க மிட்டாய் மாதிரி கேட்டு வாங்கி விழுங்கினார்கள். போர்மேன் சண்முகவேல் என் அறை வாசலில் நின்று சத்தம் போடுவார்: "அகஸ்டின் சார், பொம்பளைக பூராம் உங்க ரூம்லயே நிக்கிதுக. லோடு எப்பிடிப் போகும்?"

அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. இரண்டாம் கூண்டு ஏற்கெனவே இங்கே இருக்கிறது. தானாக நடந்து வேலைக்கு வருகிறது. மூன்றாம் கூண்டுதான் இல்லை.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் மணல் வாளி தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஈரலுக்குள்ளும் அதுபோல ஒரு கையிருப்பு உண்டு. குளுட்டதயோன் என்று பெயர். மாத்திரை ஈரலில் உடையும்போது ஒரு நச்சு உண்டாகிறது. அந்த மணலைப் போட்டு உடம்பு அதை அணைத்துவிடும். மாத்திரை அதிகமானால் மணல் தீர்ந்துபோகும். அப்புறம் ஈரல் கருகும். நெல்லிக்காய், மஞ்சள், கீழாநெல்லி இவற்றில் எல்லாம் அந்த வாளியை நிரப்பும் சத்து இருக்கிறது. மூன்றையும் சரியான கணக்கில் சேர்த்து நான் ஒரு பானம் செய்தேன். ஈரல் காப்பான் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த அன்று வீட்டுக்குள் நான் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். பாக்கியவதி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தைலம் எடுத்து வந்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நினைத்து.

ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு பேருக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்து மாத்திரை என்று ஒன்று தந்தேன். காலிக் கேப்சூல் கூடு வாங்கி வீட்டில் நானே நிரப்பியது. உள்ளே இருந்தது பாராசிட்டமால் தூள். அவர்கள் எப்படியும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தி ஒன்று, ஒருத்தி மூன்று என்று தாறுமாறாக. நான் அளவை ஒழுங்குபடுத்தினேன். கூட்டவும் வேண்டியிருந்தது, இல்லையென்றால் காப்பதற்கு ஒன்றும் இருக்காது. அளவை இங்கே எழுதவில்லை. படித்துவிட்டு யாராவது பொறுப்பில்லாமல் செய்துவிடக் கூடாது.

அந்த ஆறு பேரில் மூன்று பேருக்கு மட்டும் பானமும் உண்டு. யார் அந்த மூன்று பேர் என்பதை நான் முடிவு செய்யக் கூடாது அல்லவா. புத்தாண்டு ஆராதனையில் எங்கள் சபையில் ஆளுக்கொரு வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த அட்டை வைக்கும் தகரப் பெட்டி வீட்டில் இருந்தது. ஆறு பெயரையும் எழுதிப் போட்டு, ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுக் குலுக்கி எடுத்தேன். முதலில் வரும் மூன்று பேருக்குப் பானம். மூன்றாவதாக வந்த சீட்டு மாரித்தாய்.

செல்வலட்சுமியின் சீட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

செல்வலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. ஒரே மகள் ரோஜா. கம்பெனியில் எல்லாரும் என்னை சார் என்றபோது அவள் மட்டும் முதல் நாளே டாக்டர் அண்ணாச்சி என்றாள். "டாக்டர் அண்ணாச்சி, இந்த மாத்திர மேலு வலியக் கேக்குமா, இல்ல மேலுகிட்டயே போயி நலம் விசாரிச்சிட்டு வந்துருமா?" என்பாள். வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களும் சிரிப்பார்கள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அவள் வாயால் அண்ணாச்சி என்று கேட்பது எனக்குப் பிடிக்கும். ரோஜா நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டபோது நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். ரோஜா என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

சீட்டைத் திரும்பப் பார்த்தேன். மாரித்தாயின் சீட்டில் பசை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதனால்தான் விரலோடு வந்திருக்கும் என்று தோன்றியது. அது முறையான குலுக்கல் ஆகாது. மாரித்தாயை உள்ளே போட்டுவிட்டு இன்னொரு சீட்டு எடுத்தேன். அது வேறு யாரோ. அதையும் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். நான்காவது தடவை செல்வலட்சுமி வந்தாள். நோட்டில் பெயரை எழுதினேன். மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தொடங்கினோம். தொடங்கும் அன்று ஆறு பேரிடமும் ரத்தம் எடுத்தேன். எலி வாலில் எடுத்துப் பழகியவனுக்கு மனிதக் கை பெரிய ரோடு மாதிரி. கம்பெனியில் உடல் பரிசோதனை என்று சொல்லி விருதுநகரில் ஒரு லேபில் கொடுத்தேன். எல்லாருடைய ஈரலும் நன்றாக இருந்தது. மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்க வைப்பேன். பானத்தை மட்டும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவேன். வேலை அறைக்குள் நான் போக முடியாது. எத்தனை பேர் இருக்கலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். ஒரு ஆள் கூடினாலும் சண்முகவேல் சாமியாடிவிடுவார். டீ நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் குடிப்பார்கள். சாயங்காலம் பாட்டில் காலியாகிக் கழுவித் திரும்பி வரும். 'காலி' என்று நோட்டில் எழுதுவேன். யாருடைய வயிற்றில் காலியானது என்று எழுத நான் கட்டம் போடவில்லை. முறையில் அது ஒரு குறை. ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாம் நாள் செல்வலட்சுமி மஞ்சள் சேலை கட்டி வேலைக்கு வந்தாள். கையில் காப்புக் கயிறு. ரோஜாவுக்கு நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது; கிடைத்தால் இருக்கன்குடி ஆத்தாளுக்குப் பூச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடந்தே போக வேண்டும். அதுவரை ஒரு பொழுதுதான் சாப்பாடு, அதுவும் அவள் வீட்டில் அவள் கையால் ஆக்கியது. முகம் கை கால் எல்லாம் மஞ்சள் பூசியிருந்தாள்.

"விரதத்துல மாத்திர போடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"மருந்து சாப்பாட்டுல சேராது தாயீ" என்றேன்.

"அதான பாத்தேன். ஆத்தா கோவிச்சா டாக்டர் அண்ணாச்சியக் கையக் காட்டி விட்ருவேன்" என்று சொல்லி விழுங்கினாள்.

இங்கே ஒரு விஷயம் உண்மையாகச் சொல்ல வேண்டும். எலிகளுக்கு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் தீனியை நிறுத்துவோம். பட்டினி கிடக்கும் உடம்பில் மணல் வாளி பாதிதான் இருக்கும். ஈரல் சீக்கிரம் கெடும். அந்தக் காப்புக் கயிற்றைப் பார்த்ததும் இது எனக்கு நினைவு வந்தது. நோட்டில் 'விரதம், ஒரு வேளை உணவு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பயம் வரவில்லை. சோதனை கடினமாகிறது, இதையும் என் பானம் தாண்டிவிட்டால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உற்சாகமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது பாமாலை பாடிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

பதினைந்தாம் நாள் இரண்டாவது ரத்தப் பரிசோதனை. ஈரல் கெட்டால் ஏறும் எண் மாரித்தாய்க்கு லேசாகக் கூடியிருந்தது. செல்வலட்சுமியின் எண் எகிறிப் போயிருந்தது. பானம் குடிப்பவளுக்கு எண் ஏறுகிறது, குடிக்காதவளுக்கு அவ்வளவாக ஏறவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மேல் இருந்த பிரியத்தால் பாட்டிலைப் பெரிதாக்கினேன். நெல்லிக்காயும் கூடுதலாகப் போட்டேன். மாத்திரையை நிறுத்தியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நிறுத்தியிருந்தால் அவள் குணமானது பானத்தாலா, நிறுத்தியதாலா என்று எப்படிச் சொல்வது? முப்பத்தொரு வருஷத்தில் எந்த ஆராய்ச்சியிலும் பாதியில் மாத்திரையை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவளுக்கு வாந்தி வந்தது. விரத மயக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். கண்ணும் முகமும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை. மஞ்சள் பூசிய முகத்தில், மஞ்சள் சேலைக்கு மேலே, எதைக் கண்டுபிடிப்பார்கள்? கம்பெனியிலேயே பாதிப் பெண்கள் அந்தக் கோலத்தில்தான் இருந்தார்கள். எனக்குத் தெரிந்தது. பத்தொன்பதாம் நாள் மாத்திரை கொடுக்கும்போது இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. மேலுக்கு இவ்வளவு மஞ்சள் பூசுகிறவள் அதில் கொஞ்சம் உள்ளுக்கும் சாப்பிட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்து உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். அன்றும் மாத்திரை கொடுத்தேன். அன்றும் பாட்டில் காலியாக வந்தது.

இருபத்திரண்டாம் நாள் காலை அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் விழுந்தாள். யாரையும் அடையாளம் தெரியவில்லை. விருதுநகருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் மாரித்தாயும் ஆம்புலன்சில் கூடப் போனோம். ரோஜா கல்லூரியிலிருந்து நேராக வந்துவிட்டாள். ஊசி ஏற்றக் காப்புக் கயிற்றை வெட்ட வேண்டும் என்றார்கள். சுய நினைவே இல்லாதவள், அந்தக் கையை மட்டும் நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். அடுத்த கையில் ஏற்றினார்கள்.

முதலில் ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். மாரித்தாய், "சாரு சத்து மாத்திர குடுப்பாக" என்று என்னைக் கைகாட்டினாள். சாதாரண வைட்டமின்தான் என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய டாக்டரம்மா வந்தார். பாராசிட்டமால் அதிகம் போடுகிற பழக்கம் உண்டா, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். கெட்டிக்காரர். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, அம்மா. எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கும். நரம்பில் ஏற்றுவார்கள். அதுவும் மணல் வாளியை நிரப்புகிற வேலைதான் செய்யும். என் பானத்துக்கு அண்ணன் முறை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே ஏற்றியிருப்பார்கள். ஆனால் இருபத்தொரு நாள் என் பானத்தைக் குடித்தவள் அவள். அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, எந்த நிமிஷமும் கண்ணைத் திறப்பாள் என்று உறுதியாக நம்பினேன். அவர்களுடைய மருந்தையும் ஏற்றிவிட்டால் பிழைத்தது எதனால் என்று உலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. முப்பத்தொரு வருஷமும் இருபத்தொரு நாளும் வீணாகும். அவளுக்காகவும்தான் சொல்லாமல் இருந்தேன். அவள் பேர் சரித்திரத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். வராந்தாவில் மாரித்தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"சார், ஒண்ணு சொன்னா வைய மாட்டீகளே?"

"சொல்லு."

"நீங்க குடுத்த தண்ணிய அவ ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. காப்புக் கட்டுன அன்னையிலருந்து அம்புட்டையும் எனக்குத்தேன் ஊத்துனா. உங்க வீட்ல மீனு கீனு ஆக்குற பாத்திரத்துல காச்சுனது, ஆத்தாளுக்கு ஆகாதுன்னா. உங்ககிட்டச் சொன்னா சங்கடப்படுவீகளாம். அண்ணாச்சி ஆசையாக் குடுக்காக, வேண்டாம்னு எப்பிடிச் சொல்லன்னு பாட்டில வாங்கிக்கிடுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுபோக, ஒனக்கு மட்டும் குடுக்காம விட்டாரே, நீயும் பிள்ளைக்காரிதான, குடின்னு திட்டித் திட்டி ஊத்துவா. அந்தச் சத்து பூராம் எனக்கு வந்துருச்சே சார். அவ இப்பிடிக் கெடக்காளே."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி பால் மாதிரி இருந்தது. பதினைந்தாம் நாள் எண் எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. எண் தவறவே இல்லை. நான்தான் தவறாகப் படித்திருந்தேன். குடித்தவள் எதிரே தெம்பாக உட்கார்ந்திருக்கிறாள். குடிக்காதவள் உள்ளே கிடக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே வேலை, ஒரே வேப்பமரம். வெள்ளைத் தட்டில் இரண்டு ஈரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. அப்போதுதான் அம்மா, இந்தச் சிரிப்பு எனக்கு முதலில் வந்தது. மாரித்தாய் நான் அழுவதாக நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இன்னொன்றும் தோன்றியது. மாத்திரையின் கூடு மாட்டு எலும்பும் தோலும் காய்ச்சிச் செய்வது. அது செல்வலட்சுமிக்குத் தெரியாது. மீன் சட்டிக்காகப் பானத்தை விட்டவள், இதை நான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் அன்றைக்கே மாத்திரையையும் விட்டிருப்பாள். சொல்லத் தோன்றவில்லை.

மற்ற நான்கு பேரின் எண்கள் கொஞ்சம் முரண்டு பிடிப்பது உண்மைதான். பானம் குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செல்வலட்சுமி செத்ததற்கு விரதமும் காரணம் என்று டாக்டரம்மா உங்களிடம் சொன்னாராம். இருக்கலாம். எல்லா ஆராய்ச்சியிலும் இப்படி ஒன்றிரண்டு உதிரியாக நிற்கும். நானே அந்தப் பானத்தை என்றைக்காவது குடித்திருக்கிறேனா என்று ஏட்டம்மா கேட்டார். இல்லை, எனக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

வராந்தாவிலிருந்து எழுந்து வார்டுக்குள் போனேன். செல்வலட்சுமிக்கு மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. ரோஜா அவள் காலடியில் நின்றாள். படிப்பில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அம்மாவின் நாடியைப் பிடித்துக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மாமா, அம்மா வேற எதும் மாத்திர போட்டாகளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா. என்ன மாத்திரன்னு தெரிஞ்சா இப்பக்கூட மருந்து இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. இன்னும் நேரம் இருக்காம்."

எனக்கு அப்போது எல்லாம் தெரியும். அவள் என் பானத்தைக் குடிக்கவில்லை என்று தெரியும். உள்ளே அவளைக் காப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரியும். அந்த ஊசியை ஏற்றினால் பிழைக்கக்கூடும் என்று தெரியும். அவள் பிழைத்துவிட்டால் மாரித்தாய் பிழைத்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும் என்றும் தெரியும்.

"இல்லையே தாயீ" என்றேன். இது மூன்றாவது தடவை. எங்கள் வேதத்தில் சீடன் மூன்றாவது முறை மறுதலித்ததும் சேவல் கூவும். ஆஸ்பத்திரி வளாகத்தில் சேவல் எதுவும் இல்லை; நான் காது கொடுத்துக் கேட்டேன்.

பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பானம் குடித்தோர் என்ற பட்டியலில் செல்வலட்சுமியை அடித்துவிட்டு மாரித்தாயை எழுதினேன். குடிக்காதோர் பட்டியலில் மாரித்தாயை அடித்துவிட்டுச் செல்வலட்சுமியை எழுதினேன். பதினேழாம் பக்கம், நீங்களே பாருங்கள், கை நடுங்கியே இருக்காது. எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். தகரப் பெட்டியில் நான் முதல் தடவை எடுத்தபோது விழுந்த பட்டியல் அப்படியே வந்திருந்தது, ஒரு பெயர்கூட மாறாமல்.

செல்வலட்சுமி அதற்கு மறுநாள் பகல் பதினொன்றேகாலுக்குத்தான் இறந்தாள். ஆகவே சீட்டு எப்படி விழுந்ததோ அப்படியே நடந்தது, இதில் நான் கை வைக்கவே இல்லை என்று சுய நினைவோடும் முழு மனதோடும் எழுதிக் கையொப்பம் இடுகிறேன்.